தீங்குப் பங்கு

அரளிதான் குற்றவாளி என்று தெரியவந்தபோது காலை மணி பதினொன்று. கிளப் ஹவுஸில் இரண்டாம் சுற்று காபி வந்துகொண்டிருந்தது.

சரவணம்பட்டிக்கு வடக்கே, ஒரு காலத்தில் சோளக்காடாக இருந்த நிலத்தில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுடன் நின்றது நறுமுகை வில்லாஸ். அதன் செயலர் ஆறுச்சாமி, வார்ப்பட ஆலை வைத்திருந்து மகனிடம் ஒப்படைத்துவிட்டவர். ஆலையில் அதிகாரம் செய்து பழகிய குரலுக்கு ஓர் இடம் தேவைப்பட்டதால் சங்கத்துக்கு வந்தவர். அவருடைய ஒன்றாம் எண் வீட்டு வாசலில் ஊட்டியிலிருந்து கொண்டுவந்த இருபத்திரண்டு ரோஜாச் செடிகள், இரண்டு மாதமாக இலை ஓரம் கருகிச் செத்துக்கொண்டிருந்தன. அதை விசாரிக்கத்தான் சங்கம் வேர்மானி வாங்கியிருந்தது.

வேர்மானி என்பது முழங்கை நீளமுள்ள பத்துக் கம்பிகள். மண்ணில் செருகிவிட்டால், எந்த வேர் எதைச் சுரக்கிறது, அது யார் பக்கம் போகிறது, போய் என்ன செய்கிறது என்று கண்டுபிடித்துத் திரையில் சிவப்புக் கோடுகளாக வரைந்து காட்டும்.

"அரளி, அறுபத்திரண்டு சதவீதம்," என்று ஆறுச்சாமி படித்தார், பள்ளி ஆண்டு விழாவில் பரிசு வாங்குகிறவர் பெயரைப் படிக்கிற தொனியில்.

அவ்வளவுதான். கணினி நிறுவனத்தில் வேலை செய்யும் ஒருவர், அரளி மீது தனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் என்றார். அரளி வைத்த வருடம்தான் தன் பையனுக்கு மூச்சிரைப்பு வந்தது என்று ஒரு அம்மாள் சொன்னார். இந்தச் செடி நம்ம பக்கத்துச் செடிதானா, இல்லை வெளியிலிருந்து வந்ததா என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். தீங்குப் பட்டியலில் முதலாவதாக வருகிற செடியைப் பிடுங்குவது என்று தீர்மானம் நிறைவேறியது. துணைச் செயலர் பிரமிளா, பள்ளிக்கூடம் நடத்துகிறவர், அதோடு ஒரு வரி சேர்த்தார். ஒரே ஆண்டில் மூன்று செடிகள் முதலிடம் பிடித்தால் அவற்றை நட்டவரே பொறுப்பு. அவரை வேலையிலிருந்து நீக்கலாம்.

நறுமுகையில் எல்லாச் செடியையும் நட்டவர் ஒரே ஆள். தோட்டக்காரர் நாச்சிமுத்து.

கடைசி வரிசையில் அம்சவேணி உட்கார்ந்திருந்தாள். முப்பத்தேழாம் எண் வீட்டின் வாடகைக்காரி. வாடகைக்காரர்களுக்குக் கையை உயர்த்தும் உரிமை கிடையாது, காபி உண்டு. அவள் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறுபத்திரண்டு எப்படி வந்தது என்று அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வேர்மானிக்குக் கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

முதலில் வந்த வேர்மானி உண்மையைச் சொன்னது. அதுதான் அதன் கோளாறு. பத்துத் தோட்டத்தில் ஒன்பதில் 'குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை' என்று எழுதிக்காட்டியது. வாங்கியவர்கள் பெட்டியோடு திருப்பி அனுப்பினார்கள். இல்லை என்று சொல்வதற்கு எதற்குங்க ஒரு மெசின், அதை எங்க தோட்டக்காரனே சும்மா சொல்வானே என்று ஒருவர் அலுவலகத்துக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார்.

மோட்டார் பம்பு செய்துகொண்டிருந்து வேர்மானிக்கு மாறியிருந்த அந்த நிறுவனத்தின் மேலாளர் சத்தியசீலன், அம்சவேணியை அறைக்குக் கூப்பிட்டார்.

"அரளி, உண்ணிச்செடி எல்லாம் பக்கத்துச் செடியைக் கெடுக்குமா, கெடுக்காதா? எனக்கு ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"ஒரே வார்த்தையில முடியாதுங்க சார். இலையை அரைச்சுச் சாறு எடுத்து, கிண்ணத்துல விதையை ஊறப்போட்டா முளைக்காது. அது நெசம். ஆனா மண்ணு கிண்ணம் இல்லையே. வேர் விடுறதைப் பாதி நுண்ணுயிர் தின்னுரும், மீதியை மழை கரைச்சுரும். பெரும்பாலும் தண்ணிக்கும் வெயிலுக்கும் நடக்கிற போட்டிதான். கொஞ்சம் கெடுக்கும். ரொம்பக் கொஞ்சம்."

"அந்தக் கொஞ்சத்தை யாரும் கேக்கலைம்மா. நம்ம ஊர்ல மார்க் எவ்வளவுன்னு கேட்டா அடுத்த கேள்வி என்ன? எத்தனாவது ரேங்க்? நீங்க மார்க் போட்டுக் குடுக்கறீங்க. ரேங்க் போட்டுக் குடுங்க."

ஒரு மதியத்தில் வேலை முடிந்தது. நிரலில் பதினோரு வரி மாற்றம். தோட்டத்தில் நடக்கிற தீங்கு மொத்தத்தையும், அது எவ்வளவு அற்பமாக இருந்தாலும், நூறு என்று வைத்துக்கொண்டு, அதில் யாருக்கு எத்தனை பங்கு என்று பிரித்துக் கொடுத்தது புதிய வேர்மானி. எதையும் நூறாகப் பிரிக்கலாம். ஒன்றுமே இல்லாததுக்குக் கொஞ்சம் மேலே இருப்பதையும் பிரிக்கலாம். 'இது பங்கு மட்டுமே, அளவு அல்ல' என்று கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் அவளே எழுதினாள். நாற்பத்தோராம் பக்கம்வரை கையேடு படிக்கிறவர்கள் வேர்மானி வாங்குகிற ரகமில்லை. கருவி மூன்று மாநிலத்தில் விற்றுத் தீர்ந்தது.

நறுமுகையில் அரளி வேலியைப் பிடுங்க நாச்சிமுத்துவுக்கு நான்கு நாள் ஆயிற்று. ரோஜா தொடர்ந்து கருகியது. அடுத்த மாதம் மறுபடி கம்பிகளைச் செருகினார்கள். அரளி போய்விட்டதால் இருந்தவற்றில் பெரிய பங்கு உண்ணிச்செடிக்குப் போயிற்று, ஐம்பத்தெட்டு. சென்ற மாதம் பதினொன்றே வாங்கியிருந்த செடி எப்படி இத்தனை மோசமாகிவிட்டது என்று வியந்தார்கள். கண்காணிப்பு இல்லாவிட்டால் இப்படித்தான், ஒருத்தன் போனால் அடுத்தவனுக்குத் துளிர்விட்டுப் போய்விடும் என்று ஆறுச்சாமி விளக்கினார். உண்ணிச்செடியும் போயிற்று. இன்னும் ஒரே ஒரு செடி. நந்தியாவட்டையோ இட்லிப்பூவோ, அடுத்த மாத முதல் ஞாயிறு ஏதோ ஒன்று முதலிடம் வாங்கத்தான் போகிறது. வாங்கினால் நாச்சிமுத்துவுக்கு வேலை இல்லை. பின்மதிலை ஒட்டிய பணியாளர் குடியிருப்பு நாலில் கடைசி வீடு அவருடையது. அதையும் காலி செய்ய வேண்டும். அவர் மகள் பன்னிரண்டாம் வகுப்பு.

அம்சவேணி அவரைப் பார்க்கப் போனபோது அவர் பிடுங்கிய உண்ணிச்செடிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்ணா, ரோஜா எதனால சாகுது? உங்களுக்குத் தெரியும்தானே?"

அவர் கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"தெரியாம என்னுங்க மேடம். ஒன்னாம் நம்பர் வீட்ல கடுத்த போர்த் தண்ணிய நல்ல தண்ணியாக்கற மெசின் வெச்சிருக்காங்கல்ல? வாரம் ஒருக்கா அதுல உப்புப் போட்டுக் கழுவி விடோணும். அந்த உப்புத் தண்ணி எங்க போகுதுங்க? நேரா ரோஜாப் பாத்திக்கு. தண்ணிய வீணாக்கக் கூடாதுன்னு அவரே கொழாய் இழுத்து விட்டிருக்காரு. அதுக்குப் போன வருசம் சங்கத்துல கேடயம்கூடக் குடுத்தாங்க."

"சொல்லலையா நீங்க?"

"மொத வாரமே சொன்னனுங்க. நீ எந்தக் காலேஜ்ல படிச்சேன்னு கேட்டாரு." சிரித்தார். "மெசின் சொன்னாக் கேப்பாங்க. அதுக்கு உப்புன்னு சொல்லத் தெரியலீங்களே."

தெரியும். அம்சவேணிக்குச் சுருக்கென்றது. கம்பிகளுக்கு உப்பும் தெரியும், சோப்பும் தெரியும். பட்டியலில் செடிகளின் பெயர் மட்டும் வந்தால் போதும், வாடிக்கையாளரைக் குழப்ப வேண்டாம் என்று அவள்தான் மற்றதையெல்லாம் மறைத்து வைத்திருந்தாள்.

நேர்மையாகவே தொடங்கிப் பார்த்தாள். அவசரக் கூட்டத்தில் பேச அனுமதி கேட்டாள். வாடகைக்காரி என்றாலும் படித்த பெண் என்பதால் இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். கருவியை வடிவமைத்தவள் தானே என்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அது காட்டுவது பங்குதான், அளவு இல்லை, உண்மையில் இந்தத் தோட்டத்தில் செடிகள் ஒன்றுக்கொன்று செய்துகொள்ளும் தீங்கு ஒரு குடம் தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள்கூட இல்லை என்று விளக்கினாள்.

பிரமிளா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப மெசின் தப்பாச் சொல்லுதுங்களா?"

"தப்பாச் சொல்லலைங்க. இருக்கிற கொஞ்சத்துல யாருக்குப் பெரிய பங்குன்னு சொல்லுது."

"அப்ப முதல்ல வந்தது முதல்ல வந்ததுதான?"

"ஆமாங்க, ஆனா…"

"நன்றி அம்மிணி," என்றார் ஆறுச்சாமி. பிரமிளா ஸ்பூனால் டம்ளரைத் தட்டினார். இரண்டு நிமிடம் முடிந்திருந்தது. உப்பைப் பற்றிச் சொல்ல இடமே இல்லாமல் போயிற்று. முப்பத்தேழாம் எண் வீட்டில் வசிக்கும் பொறியாளர், கருவி தவறாகச் சொல்லாது என்று உறுதிப்படுத்தினார் என்பது நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது.

வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்குக் கோபத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. உண்மை சொல்லி ஆகாது. அப்படியானால் மெசினை வைத்தே சொல்ல வேண்டும்.

மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து, பட்டியலில் 'செடி' என்றிருந்த இடத்தில் 'மூலம்' என்று மாற்றினாள். மறைத்து வைத்திருந்ததையெல்லாம் திறந்துவிட்டாள். உப்பு, சோப்பு, எண்ணெய், எது எந்த வீட்டுப் பக்கமிருந்து வருகிறதோ அந்த வீட்டு எண்ணோடு பட்டியலில் வரும். புதிய வசதி என்று சொல்லி சத்தியசீலனிடம் ஒப்புதல் கேட்டாள். அவர் படித்துப் பார்க்கவில்லை.

"ரேங்க் இருக்குதில்ல?"

"இருக்குதுங்க சார்."

"அப்ப விடுங்க."

முதல் ஞாயிறு. ஆறுச்சாமி எழுந்து, தொண்டையைச் செருமி, திரையில் வந்ததை உரக்கப் படித்தார். "முதலிடம். வீட்டு எண் ஒன்று, உப்பு நீர், எண்பத்தெட்டு சதவீதம்." படித்து முடித்த பிறகுதான் அவருக்குப் பொருள் விளங்கியது. கருவியில் கோளாறு என்றார். பிரமிளா சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எடுத்து, கருவி தவறாகச் சொல்லாது என்ற வரியை அமைதியாகப் படித்துக் காட்டினார். அவர் செயலர் பதவிக்கு நான்கு வருடமாகக் காத்திருந்தவர்.

குழாயைத் திருப்பிவிட்டார்கள். ஆறு வாரத்தில் ரோஜா தளிர்த்தது. நாச்சிமுத்துவின் வேலையை இன்னொரு வருடத்துக்கு நீட்டித்தார்கள். அவர் மனைவி ஒரு தூக்கு நிறையக் கச்சாயம் சுட்டு முப்பத்தேழாம் எண் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். அம்சவேணி அதைச் சாப்பிட்டுக்கொண்டே, வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் படிப்பு ஒருவருக்கு உதவியிருக்கிறது என்று நினைத்தாள்.

ஆனால் அடுத்த மாதமும் முதல் ஞாயிறு வந்தது.

உப்பு போய்விட்டதால் இருந்தவற்றில் பெரிய பங்கு அறுபத்து நாலாம் வீட்டுக்குப் போயிற்று, கார் கழுவிய சோப்பு நீருக்காக. அவர்கள் கழுவுவதை நிறுத்தினார்கள். அதற்கடுத்த மாதம் இருபதாம் வீடு, எண்ணெய்ச் சட்டி கழுவிய நீர். செடியை நட்டவரைப் பொறுப்பாக்கிய விதி தேவையற்றதாகிவிட்டது என்று புதிய செயலர் பிரமிளா அதை எடுத்துவிட்டு வேறொன்று எழுதினார். முதலிடம் பிடிக்கும் வீடு சொந்தக்காரருடையதானால் ஒரு மாதம் கிளப் ஹவுஸுக்குள் நுழையக் கூடாது, வாசலில் சிவப்பு அட்டை தொங்கும். வாடகைக்காரரானால் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும். பணியாளர் குடியிருப்பானால் அன்று மாலைக்குள். இதை யாரும் கொடுமை என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே கருவி, ஒரே கணக்கு; இதைவிட நியாயம் உண்டா என்றார்கள்.

மூன்றே மாதத்தில் நறுமுகையை அடையாளம் தெரியவில்லை. பெருமாநல்லூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தோடு வீட்டின் மூன்று மாதப் பட்டியலையும் கேட்டு வாங்கிப் போனார்கள். நூற்றுப் பத்தாவது இடத்தில் இருந்த வீட்டுக்காரர், வீட்டின் பெயர்ப் பலகைக்குக் கீழே அந்த எண்ணைப் பித்தளையில் பொறித்து மாட்டினார். இருபதாம் வீட்டுக் குழந்தையோடு விளையாட வேண்டாம் என்று தாய்மார் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். வேர்மானி அந்தக் குழந்தையைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அதே வீட்டுக் குழந்தைதானே.

சத்தியசீலன் அம்சவேணிக்குத் தனி அறை கொடுத்தார். வாடிக்கையாளர்கள் இன்னும் கேட்கிறார்கள் என்றார். கம்பிகளுக்கு அதிர்வும் தெரியும்தானே என்று கேட்டார். அவள் தெரியும் என்றாள். காலடி, கதவு அறைதல், உரத்த சண்டை எல்லாம் பட்டியலில் ஏறின. மண்ணை இறுக்கினால் வேருக்குக் கெடுதல்தான், அதில் பொய் இல்லை. ஒவ்வொன்றாக ஏறும்போதும் அவள் பொய் எதுவும் எழுதவில்லை. நாச்சிமுத்துவுக்கு வேலை இருக்கிறது, அதுதான் முக்கியம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

மக்கள் மேல்முறையீடு கேட்கிறார்கள் என்று ஒரு நாள் சத்தியசீலன் வந்தார்.

"நியாயம் கிடைக்கும்னு ஒரு நம்பிக்கை வேணும்ல. ஒரு படிவம் போட்டுக் குடுங்க. ஆனா பட்டியல் நிக்கணும். யாராவது ஒருத்தர் முதல்ல இருந்தே ஆகணும்."

அவள் படிவம் போட்டுக் கொடுத்தாள். நல்ல படிவம், சின்னது, குழந்தைகூட நிரப்பலாம்.

தோட்டம் மட்டும் கொழித்தது. யாரும் புல்லில் நடப்பதில்லை, யாரும் எதையும் ஊற்றுவதில்லை, யாரும் கதவை அறைவதில்லை. செம்பருத்தி குடை விரித்தது. அதன் நடுவே நூற்றுப் பன்னிரண்டு வீட்டு மனிதர்களும் சாக்ஸ் போட்ட காலோடு நடந்துகொண்டு, பக்கத்து வீட்டுக் குழாய் எத்தனை நிமிடம் திறந்திருந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் மாத முதல் ஞாயிறு அம்சவேணி கூட்டத்துக்குப் போகவில்லை. பதினொன்றரைக்கு அழைப்பு மணி அடித்தது. நாச்சிமுத்து நின்றிருந்தார். கையில் ஒரு கடித உறை. நேராகப் பார்க்காமல் நீட்டினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். என்னத்தான் குடுத்துட்டு வரச் சொன்னாங்க."

பிரித்துப் பார்த்தாள். முதலிடம். வீட்டு எண் முப்பத்தேழு. பதினொரு சதவீதம். பதினைந்து நாள்.

"பதினொன்னுதானுங்க மேடம்," என்றார் அவர், ஆறுதல் சொல்கிற மாதிரி. "ஆறுச்சாமி அய்யா எம்பத்தெட்டு."

"பொண்ணு பரீட்சை எப்படி எழுதுதுங்ணா?"

"கணக்கு முடிஞ்சுருச்சுங்க. இன்னும் ரெண்டு பேப்பர் இருக்குது. எல்லாம் உங்க புண்ணியம்." படியிறங்கப் போனவர் திரும்பினார். "உங்க தொட்டியெல்லாம் வண்டில ஏத்தறப்ப கூப்புடுங்க. ஒடையாம நான் வெச்சுத் தர்றேன்."

அவர் போன பிறகு, பொறியாளர்களுக்கு மட்டும் திறக்கிற பக்கத்தைத் திறந்து உண்மையான அளவைப் பார்த்தாள். அந்த மாதம் நறுமுகை வில்லாஸ் முழுவதும் செய்த தீங்கைக் கூட்டிப் போட்டாலும் கருவியின் பிழை அளவைத் தாண்டவில்லை. அந்த இல்லாத ஒன்றில் பதினொரு சதவீதம் அவளுடையது. காரணம் என்ன என்று பார்த்தாள். அதிர்வு. அவள் நடக்கிறாள், கொஞ்சம் வேகமாக நடப்பது அவள் வழக்கம்.

முதலிடம் பிடித்து வெளியேறியவர்களுக்குக் கோவையில் நல்ல குடியிருப்பு எதிலும் வீடு கிடைப்பதில்லை. பட்டியல் எல்லாச் சங்கத்துக்கும் போகும். அந்த வசதியையும் அவள்தான் ஜனவரியில் சேர்த்திருந்தாள்.

மேல்முறையீட்டுப் படிவத்தைத் திறந்தாள். தன் கையால் செய்ததை இந்தப் பக்கமிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. அதில் விளக்கம் எழுத இடமில்லை. ஒரே ஒரு கட்டம். 'உங்களுக்குப் பதிலாக முதலிடத்துக்கு வர வேண்டிய வீட்டின் எண்.' கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு. குறிப்பிடப்படும் வீட்டினர் மூன்று நாளில் மறுப்புத் தெரிவித்தால் முறையீடு ரத்தாகும்.

நூற்றுப் பதினொரு வீட்டில் எதை எழுதினாலும் மறுப்பார்கள். மறுக்க ஒரு பொத்தான் இருக்கிறது, உறுப்பினர் எண்ணைப் போட்டு அழுத்த வேண்டும். வாடகைக்காரர்களுக்கும் தற்காலிக எண் உண்டு. யாருக்கு உறுப்பினர் எண் இல்லை என்று யோசிக்க அவளுக்கு நேரமே ஆகவில்லை. பின்மதிலை ஒட்டிய நான்கு வீடுகள்.

நான்காவது நாச்சிமுத்துவுடையது. அதை எழுதுவதாக நினைத்தபோதே விரல் பின்வாங்கியது. தன்னிடம் அவ்வளவாவது மிச்சமிருக்கிறது என்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஒரு நிமிடம் அந்த ஆறுதலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். கச்சாயத் தூக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அதைக் கடந்துதான் போயிருந்தாள். வாசலில் ஒரு நீலவாளி, கொடியில் காய்ந்த காக்கிச் சட்டை, அவ்வளவுதான் ஞாபகம் வந்தது. முகம் எதுவும் வரவில்லை.

பணியாளர் குடியிருப்பு, மூன்று என்று எழுதி அனுப்பினாள்.